மலை வீட்டில் நம் சமையல்: வாசகர் கேள்வி – பதில்

கோடை விடுமுறைக்கு மலையில் சமையலறையோடு வீடு எடுப்பவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை உதகை, கொடைக்கானல் பற்றியவை. அதனால் இந்த இதழ் முழுக்க அந்த இரண்டு ஊர்களை வைத்தே பதில் சொல்கிறோம். குன்னூர், கோத்தகிரி, ஏற்காடு போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

கேள்வி: வயதான மாமனார், மாமியார், இரண்டு குழந்தைகள் என்று எட்டுப் பேர் கொடைக்கானல் போகிறோம். "கிச்சன் வசதி உண்டு" என்று போட்டிருக்கிறார்கள். முன்பணம் கட்டும் முன் என்னென்ன கேட்க வேண்டும்? (வாசகி, திருச்சி)

"கிச்சன் உண்டு" என்பதை அப்படியே நம்பிப் பணம் கட்டாதீர்கள். சில வீடுகளில் அதற்கு டீ போட ஒரு கெட்டிலும் நாலு கப்பும் என்றுதான் பொருள். சில வீடுகளில் அடுப்பு இருக்கும், ஆனால் அசைவம் சமைக்க விடமாட்டார்கள். இன்னும் சில இடங்களில் சமைத்தால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் கேட்பார்கள். இதையெல்லாம் போனில் பேசி விட்டுவிடாமல் வாட்ஸப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்கு படம் அனுப்பச் சொல்லுங்கள்: அடுப்பு, சிலிண்டர் நிற்கும் இடம், பாத்திர அலமாரி, சமையலறை ஜன்னல். ஜன்னல் இல்லாத சமையலறை என்றால் வேறு வீடு பாருங்கள். குளிருக்காக எல்லாக் கதவையும் சாத்தி வைக்கும் ஊர் அது. புகையும் ஆவியும் போக வழி வேண்டும். பாத்திரத்தில் அளவுதான் முக்கியம். எட்டுப் பேருக்கு 5 லிட்டர் குக்கரும் 6 லிட்டருக்குக் குறையாத ஒரு குண்டானும் வேண்டும். பல வீடுகளில் 2 லிட்டர் குக்கரும் கீறல் விழுந்த நான்ஸ்டிக் தவாவும்தான் இருக்கும்.

மாமனார், மாமியாருக்காக இன்னும் இரண்டு கேள்வி. கார் நிற்கும் இடத்திலிருந்து வாசலுக்கு எத்தனை படி? கழிவறை அதே தளத்தில் இருக்கிறதா? மலைச் சரிவில் கட்டிய வீடுகளில் முப்பது, நாற்பது படி இறங்குவது சாதாரணம். "கொஞ்சம் படி இருக்கும்" என்ற பதிலோடு விடாமல் எண்ணிக்கையைக் கேளுங்கள்.

முன்பணம் அனுப்பும் முன் அந்த வீட்டிலிருந்தே வீடியோ கால் போடச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் தயங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அடுத்தவர் வீட்டுப் படத்தைப் போட்டுப் பணம் பறிக்கும் கும்பல்கள் சீசனில் அதிகம். ஏமாந்துவிட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணம் கைமாறும் முன் முடக்க வாய்ப்புண்டு.

கேள்வி: ஊட்டியில் வீடு எடுத்துத் தங்கியபோது துவரம்பருப்பு வேகவே இல்லை. வீட்டில் வைக்கும் அதே மூன்று விசில்தான் வைத்தேன். தண்ணீர் சரியில்லையா, பருப்பு சரியில்லையா? (வாசகி, மதுரை)

இரண்டும் இல்லை, உயரம்தான் காரணம். உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,130 மீட்டர். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. அதனால் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுகிறது. உதகையிலும் கொடைக்கானலிலும் அது ஏறத்தாழ 93 டிகிரியில் கொதிக்கும். திறந்த பாத்திரத்தில் சோறு வைக்கும்போது தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து வெந்துவிடும் என்று நினைப்போம். அதற்கு மேல் அந்தத் தண்ணீர் சூடாகாது. தீயைக் கூட்டினால் தண்ணீர் வேகமாக வற்றும், அவ்வளவுதான். அரிசி சீக்கிரம் வேகாது.

குக்கர் இந்தக் குறையைப் பெருமளவு சரிசெய்கிறது, முழுவதுமாக அல்ல. வெயிட் உள்ளே ஏற்றுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் ஒரு குறிப்பிட்ட அளவு. வெளியழுத்தமே குறைவு என்பதால் உள்ளே மொத்த அழுத்தமும் குறைகிறது. மதுரையில் 120 டிகிரி வரும் குக்கர் அங்கே 116 டிகிரி அளவில் நின்றுவிடும். அந்த நாலு டிகிரிதான் உங்கள் பருப்பைக் கெடுத்தது.

செய்ய வேண்டியது எளிது. விசிலை எண்ணுவதை அங்கே விட்டுவிடுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைச் சிறியதாக்கிக் கடிகாரத்தைப் பாருங்கள். வீட்டில் சிறு தீயில் எத்தனை நிமிடமோ, அதோடு கால் பங்கு சேருங்கள்: 8 நிமிடம் என்றால் 10, 12 என்றால் 15. துவரம்பருப்பை அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர், மஞ்சள்தூள், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள். புளி, தக்காளி இரண்டையும் பருப்பு வெந்த பிறகே சேருங்கள். புளிப்பு சேர்ந்தால் பருப்பு இறுகிவிடும். அடுப்பை அணைத்ததும் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடாதீர்கள். தானாக அடங்கும் வரை விட்டால் அந்தச் சூட்டிலும் கொஞ்சம் வேகும்.

கொண்டைக்கடலை, ராஜ்மா வகைகளில்தான் பலர் தோற்றுப் போகிறார்கள். இரவு 10 டிகிரி குளிரில் பச்சைத் தண்ணீரில் போட்டால் எட்டு மணி நேரத்திலும் நடுவே ஊறாமல் இருக்கும். கொதித்த நீரில் போட்டு மூடி, துண்டு சுற்றி வையுங்கள்.

முடிந்தால் உங்கள் குக்கரையே எடுத்துப் போங்கள். வாடகை வீட்டுக் குக்கரில் கேஸ்கட் காய்ந்து விறைத்திருக்கும். பக்கவாட்டில் ஆவி கசியும், விசிலே வராது. கேஸ்கட் கம்பெனிக்குக் கம்பெனி, அளவுக்கு அளவு மாறும் என்பதால் அவசரத்துக்குக் கடையில் வாங்கியது பொருந்தாமல் போகலாம்.

இன்னொன்று, இது சமையலைவிட முக்கியம். குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சும்போது 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களில் நன்றாகக் கொதி வந்த பிறகு 3 நிமிடம் கொதிக்க விடுங்கள். முதல் குமிழி வந்ததும் இறக்கிவிடக் கூடாது. காபிக்கு மட்டும் அந்த 93 டிகிரி கச்சிதம். ஃபில்டரை வெந்நீரில் கழுவிச் சூடாக்கிவிட்டுப் பொடி போட்டால் டிகாக்‌ஷன் நன்றாக இறங்கும்.

கேள்வி: குழந்தைகளுக்கு இட்லி இல்லாமல் முடியாது. மாவு எடுத்துப் போகலாமா? (வாசகி, கோவை)

போகலாம். ஆனால் புளித்த மாவை டப்பா நிறைய ஊற்றி எடுத்துப் போகாதீர்கள். வண்டிச் சூட்டில் மேலும் பொங்கும்; மலை ஏற ஏற வெளியழுத்தமும் குறைவதால் மூடியைத் தள்ளிக்கொண்டு வரும். சிப்ஸ் பாக்கெட் மேலே போனதும் பலூனாக உப்புவதைப் பார்த்திருப்பீர்கள், அதே காரணம்தான். பாதி அளவு நிரப்பி, வழியில் இரண்டு தடவை மூடியைத் திறந்து மூடுங்கள்.

அங்கேயே புளிக்க வைப்பதானால் பொறுமை வேண்டும். மாவு நன்றாகப் புளிக்க 28 முதல் 32 டிகிரி வரை சூடு தேவை. மே மாதத்திலும் உதகை இரவு அந்தப் பக்கமே வராது. மாவுப் பாத்திரத்தை அதைவிடப் பெரிய குண்டானில் வைத்து, சுற்றிலும் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி மூடி, மேலே கம்பளி போர்த்துங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். ஒரு கிலோ மாவில் 16 முதல் 20 இட்லி வரும். அங்கே ஆவியும் 93 டிகிரிதான் என்பதால் வீட்டில் 10 நிமிடம் வைத்தால் அங்கே 14 நிமிடம் வையுங்கள். முதல் நாளுக்கு மட்டும் மாவு, மற்ற நாள் ரவா உப்புமா, பொங்கல் என்று வைத்துக்கொள்வதுதான் எங்கள் யோசனை.

கேள்வி: வாடகை வீட்டுச் சிலிண்டரை எப்படி நம்புவது? பாதியில் தீர்ந்து போனால்? (வாசகர், சேலம்)

வீட்டுக்குள் நுழைந்ததும், பெட்டியைப் பிரிக்கும் முன், சிலிண்டரைப் பாருங்கள்.

மேல் வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்பக்கம் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர். இலக்கம் ஆண்டு. டி-27 என்றிருந்தால் 2027 டிசம்பருக்குள் மறுசோதனைக்குப் போக வேண்டிய சிலிண்டர். தேதி கடந்திருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். அடுத்தது ரப்பர் குழாய். ஆரஞ்சு நிறக் குழாயில் தேதி அச்சிட்டிருக்கும், ஐந்து ஆண்டுக்கு மேல் போனது கூடாது. எலி கடித்த தடம், வளைத்தால் தெரியும் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பூட்டியிருக்கும் வீடுகளில் எலிதான் முதல் வாடகைதாரர். பிறகு ரெகுலேட்டரைத் திறந்து, அடுப்புத் திருகை மூடியபடியே, இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி காட்டிப் பார்க்கும் வேலை எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

எவ்வளவு எரிவாயு மீதி என்று தெரிய, ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை துடைத்துவிட்டு இரண்டு நிமிடம் பாருங்கள். காலியான மேற்பகுதி சீக்கிரம் உலரும். திரவம் நிற்கும் கீழ்ப்பகுதி ஈரமாகவே இருக்கும். ஆறு பேருக்குக் காலையும் இரவும் சமைக்க நாளொன்றுக்கு அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை செலவாகும். மூன்று நாளுக்கு இரண்டரைக் கிலோ போதும். 14.2 கிலோ சிலிண்டரில் அடியில் கால் பங்கு இருந்தாலே தாங்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலைக் குளிரில் தீ சோம்பலாக எரிந்தால் காலியாகிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். குளிரில் திரவம் மெதுவாகத்தான் வாயுவாகும். கொஞ்சமே மீதி இருக்கும் சிலிண்டரில் இது நன்றாகத் தெரியும். வெயில் ஏறியதும் சரியாகும். சிலிண்டரைப் படுக்க வைப்பது, அடுப்பருகே நகர்த்திச் சூடாக்குவது இரண்டும் ஆபத்து. படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதில் திரவமே குழாய்க்குள் வரும்.

கேஸ் நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லோரையும் வெளியே அழைத்துப் போங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். அதனால் ஜன்னலோடு வாசல் கதவும் திறந்திருக்க வேண்டும். அவசர உதவி எண் 1906.

ஊரிலிருந்து சிலிண்டரைக் கார் டிக்கியில் வைத்து மலை ஏற்றுவதாகச் சிலர் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மூடிய டிக்கியில் ஒரு சிறு கசிவு போதும்.

கேள்வி: குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொள்ளலாமா? புகை அடங்கிய தணல்தான். (வாசகர், ஈரோடு)

கூடாது. புகை அடங்கிய தணல்தான் உயிரை எடுப்பது. சிவந்த கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும்; அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது, அதுவும் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பிடிக்கும். முதலில் தலைவலி, குமட்டல், பிறகு தூக்கம். தூக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் தெரிய வராது. மலை ஊர்களில் இரவு இறைச்சி சுட்ட அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகள் வந்திருக்கின்றன. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்பதும் சரியல்ல. கரி வெளியே எரியட்டும், வெளியிலேயே தண்ணீர் ஊற்றி அணையட்டும்.

கேஸ் கீசரும் இதே வகைதான். அது குளியலறைக்குள்ளேயே மாட்டியிருந்து, வெளிக்காற்று வரும் திறப்பும் புகைக்குழாயும் இல்லையென்றால் பயன்படுத்தாதீர்கள். அடுப்பில் வெந்நீர் போட்டுக் குளிக்கலாம்.

கேள்வி: ஆறு பேர், ஒரே கீசர். "15 லிட்டர் கீசர் இருக்கிறது, போதும்" என்கிறார் வீட்டுக்காரர். போதுமா? (வாசகி, புதுச்சேரி)

நேரத்தைப் பிரித்துக்கொண்டால் போதும். 15 லிட்டர், 2,000 வாட் கீசரில் 12 டிகிரி தண்ணீரை 55 டிகிரிக்குக் கொண்டுவர 23 நிமிடம் ஆகும். அதில் பச்சைத் தண்ணீர் கலந்தால் குளிக்கிற பதத்தில் 23 லிட்டர் கிடைக்கும், ஒருவருக்கு ஒன்றரை வாளி. ஒருவர் குளித்து முடித்ததும் மறுபடி அரை மணி நேரம். ஆறு பேருக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல். காலை எட்டுக்குக் கிளம்ப வேண்டுமானால் மூன்று பேர் முந்தின இரவே குளித்துவிடுங்கள்.

3 லிட்டர் உடனடி கீசர் என்றால் 3,000 வாட்டில் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்தான் அந்தப் பதத்தில் வரும். குழாயை முழுக்கத் திறந்தால் பச்சைத் தண்ணீர்தான் வரும். நூலாகத் திறந்து, பத்து நிமிடத்தில் ஒரு வாளி பிடியுங்கள்.

கேள்வி: சொந்த இண்டக்‌ஷன் அடுப்பு கொண்டு போகலாமா? (வாசகர், வேலூர்)

16 ஆம்பியர் பிளக் பாயின்ட் சமையலறையில் இருந்தால் மட்டும். 2,000 வாட் அடுப்பு ஒன்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட்டில் மாற்றுப் பிளக் போட்டு ஓட்டினால் சாக்கெட் உருகும். கீசரும் அதுவும் ஒன்றாக ஓட வேண்டாம். காந்தம் ஒட்டாத அலுமினியக் குக்கர் அதில் வேலை செய்யாது.

கேள்வி: ஆறு பேருக்கு மூன்று நாளைக்கு மளிகை எவ்வளவு? ஒவ்வொரு முறையும் பாதி திரும்பி வருகிறது. (வாசகி, விருதுநகர்)

காலையும் இரவும் வீட்டில், மதியம் கட்டுச்சோறோ ஹோட்டலோ என்று வைத்துச் சொல்கிறோம். அரிசி ஒரு வேளைக்கு அரைக் கிலோ வீதம் ஐந்து வேளைக்கு இரண்டரைக் கிலோ. துவரம்பருப்பு அரைக் கிலோ, பொங்கலுக்குப் பாசிப்பருப்பு 200 கிராம், ரவை ஒரு கிலோ, எண்ணெய் ஒரு லிட்டர், சர்க்கரை 600 கிராம், காபிப்பொடி 400 கிராம், புளி 150 கிராம், சாம்பார் பொடி 150 கிராம், உப்பு கால் கிலோ. பால் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர், அங்கேயே ஆவின் பூத்தில். தயிரும் வாங்கிக்கொள்ளுங்கள், அந்தக் குளிரில் உறை ஊற்றினால் பால் பாலாகவே இருக்கும். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் இருந்தால் மழை நாளில் பெரிய துணை.

கேரட், பீட்ரூட், உருளை, கோஸ், பட்டர் பீன்ஸ் ஆகியவற்றைக் கீழிருந்து சுமக்கவே வேண்டாம். உதகை நகராட்சி மார்க்கெட்டிலும் கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் நேற்றுப் பிடுங்கியது கிடைக்கும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரமும் மணமும் கூடுதல் என்பதால் ரசத்துக்கு வழக்கத்தில் பாதி போட்டாலே போதும். தேங்காய், கறிவேப்பிலை, முருங்கைக்காய், வாழைக்காய் மட்டும் மேட்டுப்பாளையத்திலோ வத்தலக்குண்டிலோ வாங்கிக்கொண்டு ஏறுங்கள். தேங்காயெண்ணெய் அங்கே கட்டியாகிவிடும். வாய் அகன்ற டப்பாவில் எடுத்துப் போங்கள்.

மறந்து போகிறவை எப்போதும் இவைதான்: லைட்டர், நல்ல கத்தி, பிடிதுணி, டீ வடிகட்டி, பாத்திரம் தேய்க்கும் நார், தோசைக்கல். அதை ஒரு பையில் போட்டு முதலில் வண்டியில் ஏற்றிவிடுங்கள்.

கேள்வி: இ-பாஸ் இன்னும் வேண்டுமா? தண்ணீர் பாட்டிலுக்கு அபராதம் என்கிறார்களே? (வாசகர், சென்னை)

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டி, வாடகை வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்கும் முறை வந்தது. அரசுப் பேருந்திலும் மலை ரயிலிலும் போகிறவர்களுக்குத் தேவையில்லை. 2025 சீசனில் எண்ணிக்கை வரம்பும் போட்டார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. ஆகவே வீட்டுக்கு முன்பணம் கட்டும் முன் அந்தத் தேதிக்கு இ-பாஸ் கிடைக்கிறதா என்று அரசு இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர், குளிர்பான பாட்டில்களைச் சோதனைச் சாவடியில் பிடிப்பார்கள். எவர்சில்வர் பாட்டிலும் ஒரு பெரிய கேனும் போதும்.

கேள்வி: கோத்தகிரி அருகே எஸ்டேட் வீடு. இரவு சமையலறைக் கழிவை வெளியே வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். குரங்குக்காகவா? (வாசகி, தஞ்சாவூர்)

பகலில் குரங்கு, இரவில் கரடி. கோத்தகிரி, குன்னூர் பக்கம் தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய வீடுகளுக்கும் கோயில்களுக்கும் கரடிகள் எண்ணெய் மணத்துக்கு வருகின்றன. விளக்கில் ஊற்றும் எண்ணெய்க்காகக் கோயில் கதவையே உடைத்திருக்கின்றன. வடை சுட்ட சட்டியைக் கழுவாமல் பின்வாசலில் வைப்பது அவற்றை அழைப்பது போல. எண்ணெய், நெய், வெல்லம், வாழைப்பழம் எல்லாம் உள்ளே, ஜன்னலை விட்டுத் தள்ளி. எண்ணெய்ச் சட்டியைச் சூட்டோடு காகிதத்தால் துடைத்து உடனே தேய்த்துவிடுங்கள். கழிவை மூடியுள்ள வாளியில் வீட்டுக்குள் வைத்திருந்து, காலையில் வண்டி வரும்போது மக்குவது, மக்காதது பிரித்துக் கொடுங்கள். இரவு எட்டுக்கு மேல் பாத்திரம் கழுவப் பின்பக்கம் போக வேண்டாம். கொடைக்கானலில் வாசலில் காட்டுமாடு நின்றால் விரட்டாமல் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருங்கள், அதுவாகவே போய்விடும்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து அத்தை குடும்பம் எங்களோடு தங்க வருகிறது. ஏதாவது காகிதம் வேண்டுமா? (வாசகர், காரைக்குடி)

அவர்கள் சிங்கப்பூர் குடிமக்கள் என்றால், வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவம் III-ஐ (2025 வரை படிவம் சி) வீட்டுக்காரர் ஆன்லைனில் பதிய வேண்டும். இலங்கை, மலேசிய பாஸ்போர்ட்டுக்கும் இதேதான். இந்தப் பதிவு இல்லாத வீட்டுக்காரர்கள் கடைசி நேரத்தில் வாசலில் நிறுத்திவிடுவதுண்டு. அதனால் பேசும்போதே "வெளிநாட்டுப் பாஸ்போர்ட் நாலு பேர்" என்று சொல்லி, பாஸ்போர்ட், விசா நகல்களை முந்தின நாளே அனுப்பிவிடுங்கள்.